நான்சிக்கு நடக்காத வழக்கு: கிரேஸ் மார்க்ஸ் கொலை வழக்கும் அதன் புனைவுகளும்

1843ஆம் ஆண்டு ஜூலை மாதத்தின் பிற்பாதியில், டொராண்டோவிலிருந்து யங் வீதி வழியாக வடக்கே சுமார் 16 மைல் தொலைவில், ரிச்மண்ட் ஹில் ஊரை ஒட்டியிருந்த ஒரு பண்ணை வீட்டில் இருவர் கொல்லப்பட்டனர். ஒருவர் அந்த வீட்டின் உரிமையாளரான தாமஸ் கின்னியர். ஸ்காட்லாந்திலிருந்து வந்து குடியேறிய, வசதி படைத்தவர். மற்றொருவர் அவருடைய வீட்டை மேற்பார்த்துவந்த நான்சி மான்ட்கோமரி. இரண்டு உடல்களும் ஒரே நிலவறையில்தான் கிடந்தன. ஆனால் தேடி வந்தவர்களின் கண்ணில் முதலில் பட்டது கின்னியரின் உடல். நான்சியின் உடலை அதற்குப் பிறகுதான், ஒரு சலவைத் தொட்டிக்கு அடியில் கண்டெடுத்தார்கள். நீதிமன்றமும் அவர்களை இதே வரிசையில்தான் பார்த்தது. கின்னியர் கொலைக்கு விசாரணை நடந்தது, தீர்ப்பு வந்தது, ஒருவர் தூக்கிலிடப்பட்டார். நான்சி கொலைக்கு விசாரணையே நடக்கவில்லை.

அந்த வீட்டில் வேலைக்கு இருந்த கிரேஸ் மார்க்ஸ் என்ற பதினாறு வயதுப் பெண்ணைப் பற்றித்தான் அன்றுமுதல் இன்றுவரை எல்லோரும் எழுதிவந்திருக்கிறார்கள். பத்திரிகைகள் எழுதின, விசாரணையைத் தொகுத்துச் சிறு நூல் வெளிவந்தது, சூசன்னா மூடி என்ற எழுத்தாளர் 1853இல் எழுதினார், 1996இல் மார்கரெட் அட்வுட் ‘அலையஸ் கிரேஸ்’ என்ற நாவலாக எழுதினார். அந்த நாவல் கனடாவின் கில்லர் பரிசைப் பெற்றது. உண்மையான கொலை வழக்கொன்றை வரலாற்றுப் புனைவாக எழுதுவது எப்படி என்று பேசுகிறவர்கள் எல்லோரும் அதை எடுத்துக்காட்டுகிறார்கள். கிரேஸ் குற்றவாளியா இல்லையா என்பதே பொதுவாக இந்த வழக்கை ஒட்டிக் கேட்கப்படும் கேள்வி. நான் இங்கே கேட்க விரும்புவது வேறு. ஆவணங்கள் வாய்மூடிவிட்ட இடத்தில் புனைவு யாருக்காகப் பேச வேண்டும் என்பதுதான் அது. இந்த வழக்கைப் பொறுத்தவரை ஒரு கதையின் நேர்மையை அளக்கச் சரியான அளவுகோல் நான்சி மான்ட்கோமரி என்றே கருதுகிறேன்.

நடந்தது

கிரேஸ் மார்க்ஸ் அயர்லாந்தின் வடபகுதியில் பிறந்தவர். தந்தை கல் கொத்தனார். கொலை நடப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் அந்தக் குடும்பம் கப்பலேறி வந்தது. பிள்ளைகள் நிறைந்த வீடு என்பதால் கிரேஸ் சிறுவயதிலேயே வீட்டு வேலைக்குப் போனார். பல வீடுகளில் வேலை பார்த்துவிட்டு, 1843 ஜூலைத் தொடக்கத்தில் கின்னியர் வீட்டுக்கு வந்தார். அவர் அந்த வீட்டில் இருந்தது சில வாரங்கள் மட்டுமே என்பதை மறந்துவிடக் கூடாது. பின்னாளில் அவர்மீது ஏற்றப்பட்ட பொறாமை, வன்மம், காதல், சூழ்ச்சி ஆகிய அத்தனையும் அந்தச் சில வாரங்களுக்குள் முளைத்து வளர்ந்து முற்றியிருக்க வேண்டும். ஜேம்ஸ் மக்டெர்மாட் என்ற ஆள் அவருக்குச் சற்று முன்னதாக அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தார். அவரும் அயர்லாந்துக்காரர், இருபதை ஒட்டிய வயது, முன்பு படைப்பிரிவில் இருந்தவர். அவரை வேலையை விட்டுப் போகும்படி நான்சி அறிவித்திருந்தார். மக்டெர்மாட்டின் கோபத்துக்கு அதுவே முதற்காரணம் என்பதில் யாருக்கும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

நான்சியின் நிலையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவர் சம்பளம் வாங்கும் வேலையாள். அதே வேளையில் முதலாளியுடன் மனைவியைப் போல வாழ்ந்தவர். வேலையாட்களுக்கு உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு இருந்தது. ஆனால் அந்த அதிகாரத்தை ஊர் ஏற்கவில்லை. எஜமானி என்ற பெயரோ மனைவி என்ற பெயரோ அவருக்குக் கிடைக்கவில்லை. இறந்த பிறகு நடந்த பிரேதப் பரிசோதனையில் அவர் கருவுற்றிருந்தது தெரியவந்தது. அதன்பின் ஊரார் வாயில் அவர் கொலையுண்டவர் என்பதைவிட ஒழுக்கம் தவறியவர் என்பதே முன்னுக்கு வந்தது.

கின்னியர் டொராண்டோவுக்குப் போயிருந்த நேரத்தில் நான்சி தலையில் கோடரியால் அடிக்கப்பட்டு, நிலவறைக்குள் தள்ளப்பட்டு, கழுத்தில் துணி கட்டி இறுக்கப்பட்டு உயிரிழந்தார். கின்னியர் திரும்பி வந்தபின் துப்பாக்கியால் சுடப்பட்டார். வீட்டிலிருந்த விலையுயர்ந்த பொருட்களைக் குதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டு மக்டெர்மாட்டும் கிரேஸும் டொராண்டோவுக்குப் போய், அங்கிருந்து ஒன்டாரியோ ஏரியைக் கப்பலில் கடந்து அமெரிக்கக் கரையில் உள்ள லூயிஸ்டன் ஊரில் தங்கினார்கள். டொராண்டோவைச் சேர்ந்த ஃபிரடெரிக் கேப்ரியோல் என்பவர் அதிகாரிகள் ஏற்பாடு செய்யும்வரை காத்திராமல், தாமே முயன்று ஒரு நீராவிக் கப்பலை அமர்த்திக்கொண்டு பின்தொடர்ந்தார். லூயிஸ்டனில் இருவரும் பிடிபட்டார்கள். கிரேஸிடம் நான்சியின் உடைகள் இருந்தன. இந்த உடைகளைப் பற்றிப் பின்னால் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீதிமன்றம் கேட்டதும் கேளாததும்

நவம்பர் முதல் வாரத்தில் டொராண்டோவில் வழக்கு நடந்தது. தாமஸ் கின்னியரைக் கொன்றதாக முதலில் மக்டெர்மாட்டும், அடுத்து கிரேஸும் விசாரிக்கப்பட்டார்கள். இருவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. கிரேஸுக்குக் கருணை காட்ட வேண்டும் என்று ஜூரி பரிந்துரைத்தது. அவருடைய வழக்கறிஞர் கென்னத் மெக்கென்சியும் பிறரும் முயன்றதில், இளம் வயதையும் பெண் என்பதையும் கருதி அவருடைய தண்டனை ஆயுள் சிறையாகக் குறைக்கப்பட்டது. மக்டெர்மாட் 1843 நவம்பர் 21 அன்று பொதுமக்கள் முன்னிலையில் தூக்கிலிடப்பட்டார். நான்சி கொலை பற்றிய குற்றச்சாட்டை எடுத்துக்கொள்ளத் தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். இருவருக்கும் ஏற்கெனவே மரண தண்டனை விதித்தாகிவிட்டது. ஒருவரை இரண்டு முறை தூக்கிலிட முடியாது.

நிர்வாகக் கணக்கில் இது நியாயமான முடிவுதான். ஆனால் உண்மையைத் தேடும் எவருக்கும் இதைவிடப் பெரிய இழப்பு இருந்திருக்க முடியாது. கின்னியரைச் சுட்டவர் மக்டெர்மாட் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. கிரேஸின் குற்றம் எந்த அளவுடையது என்பது முழுக்க முழுக்க நான்சியின் சாவைத்தான் பொறுத்திருந்தது. நான்சியைக் கொல்லத் தூண்டியவள் கிரேஸ்தான், கழுத்தை இறுக்கியதிலும் அவளுக்குப் பங்கு உண்டு என்பது தூக்குமேடைக்குப் போகுமுன் மக்டெர்மாட் சொன்னது. மிரட்டலுக்குப் பயந்து உடன்பட்டேன், என் கை அதில் படவில்லை என்பது கிரேஸ் தரப்பு. இவற்றில் எது மெய் என்பதைச் சாட்சிகளை நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்து பார்க்கக்கூடிய ஒரே வாய்ப்பு நான்சியின் வழக்குதான். அது நடக்கவில்லை. ஆகவே கிரேஸ் மார்க்ஸ் என்னும் புதிருக்கு ஆதாரம், நான்சி மான்ட்கோமரிக்கு மறுக்கப்பட்ட விசாரணையே. பின்னால் வந்த கதைகள் அத்தனையும் இந்தக் காலி இடத்தில்தான் கட்டப்பட்டன.

இன்னொரு சட்ட நுணுக்கமும் கவனத்துக்குரியது. அன்றைய சட்டப்படி குற்றம் சாட்டப்பட்டவர் தம் தரப்பில் சத்தியம் செய்து சாட்சி சொல்ல இயலாது. கனடாவில் அந்த உரிமை 1893ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தால்தான் வந்தது. எனவே கிரேஸின் குரல் என்று நம் கைக்கு வந்திருப்பவை எல்லாம் பிறர் எழுதிக்கொண்ட வாக்குமூலங்களே. வழக்கறிஞரின் அறிவுரையும், எழுதியவரின் நடையும், அச்சிட்டவரின் வியாபார நோக்கும் கலந்த வாக்குமூலங்கள் அவை. நான்சியின் கொலையைப் பற்றிக் கிரேஸ் மூன்று விதமாகவும் மக்டெர்மாட் இரண்டு விதமாகவும் சொன்னதாகப் பதிவுகள் காட்டுகின்றன. முரண்பட்ட வாக்குமூலம் பொய்யின் அடையாளம் என்று உடனே முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. தூக்குக் கயிற்றுக்குப் பயந்த ஒரு பதினாறு வயதுப் பெண், தன் எதிரே உட்கார்ந்திருப்பவர் எதைக் கேட்க விரும்புகிறாரோ அதைச் சொல்லியிருக்கக் கூடும் என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்தக் காலத்து அரசியலும் இதில் புகுந்தது. 1837இல் மேல் கனடாவில் (இன்றைய ஒன்டாரியோவின் தென்பகுதி) நடந்த கிளர்ச்சியின் வடு அப்போது ஆறியிருக்கவில்லை. வேலைக்காரர்கள் எஜமானரைக் கொன்றார்கள் என்ற செய்தி ஆளும் தரப்பை ஆதரித்த பத்திரிகைகளுக்குக் கீழ்ப்படியாமையின் உச்சமாகத் தெரிந்தது. அவை கிரேஸை இரக்கமின்றி எழுதின. சீர்திருத்தத் தரப்புப் பத்திரிகைகள் சற்று மென்மையாக எழுதின. ஒரு பக்கம் அவர் ஆணை மயக்கிக் கொலைக்குத் தூண்டிய பிசாசு. மறு பக்கம் அறியாமையால் அகப்பட்டுக்கொண்ட பேதை. இடையில் ஒரு மனுஷியாக இருக்க அவருக்கு இடம் தரப்படவில்லை. இரு தரப்புக்கும் நான்சி ஒரு சங்கடமாகவே இருந்தார். ஊர் மெச்சிய எஜமானரின் பெயரைக் கெடுக்கும் சாட்சியாக அவர் வயிற்றுக் கரு இருந்தது.

முதல் கதை

கிரேஸ் கிங்ஸ்டன் சிறைக்கு அனுப்பப்பட்டார். 1835இல் திறக்கப்பட்ட அந்தச் சிறையில் கைதிகள் ஒருவரோடொருவர் பேசக் கூடாது என்பது விதி. அன்றைய வழக்கப்படி பார்வையாளர்கள் கட்டணம் செலுத்திச் சிறையைச் சுற்றிப் பார்த்தார்கள். இங்கிலாந்திலிருந்து 1832இல் குடியேறிய எழுத்தாளர் சூசன்னா மூடியும் அப்படிப் போனவர்தான். கிரேஸைப் பார்க்க வேண்டும் என்ற விருப்பத்தோடுதான் போனார். 1852இல் கிரேஸ் டொராண்டோ மனநல விடுதிக்கு மாற்றப்பட்டார். அங்கேயும் மூடி அவரைப் பார்த்தார், வெறிபிடித்து அலறும் நிலையில் பார்த்ததாக எழுதினார். 1853இல் வெளிவந்த அவருடைய நூலில் கொலைக் கதை விரிவாக இடம்பெற்றது.

அது கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டவரிடமிருந்து கேட்டு, நினைவிலிருந்து எழுதியது. கின்னியர் அதில் கேப்டன் கின்னேர்ட் ஆகிவிட்டார். நான்சிக்கு ஹன்னா என்று பெயர் மாறியது. சலவைத் தொட்டிக்கடியில் வைப்பதற்காக அவள் உடலை நான்காக வெட்டினார்கள் என்று மூடி எழுதினார். அப்படி எதுவும் நடக்கவில்லை. இறந்தவளின் இரத்தம் கட்டிய கண்கள் கிரேஸை இரவும் பகலும் பின்தொடர்ந்தன என்றும் எழுதினார். இதை எங்கிருந்து எடுத்தார் என்று ஊகிப்பது கடினமில்லை. 1837க்கும் 1839க்கும் இடையே தொடராக வந்த டிக்கன்ஸின் ‘ஆலிவர் ட்விஸ்ட்’ நாவலில் பில் சைக்ஸ் என்ற திருடன் தன்னோடு வாழ்ந்த பெண்ணை அடித்துக் கொல்கிறான். அவளுடைய கண்கள் அவனை விடாமல் துரத்துகின்றன. அந்தப் பெண்ணின் பெயர் நான்சி. பிரபலமான ஒரு கதையில் வந்த நான்சியின் கண்களை எடுத்து, உண்மையில் செத்துப்போன நான்சிக்குப் பொருத்திவிட்டு, அவளுடைய சொந்தப் பெயரை மட்டும் மூடி தவறவிட்டார்.

மூடியைக் கெட்ட எண்ணம் கொண்டவர் என்று நான் சொல்லவில்லை. கொலை நடந்தபோதே கிரேஸின் மனம் பேதலித்திருந்திருக்கலாம் என்று இரங்கி எழுதியவர் அவர். ஆனால் அவர் செய்த பிழை, உண்மைச் சம்பவத்தைக் கதையாக்குகிறவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. நடந்தது போதிய அளவு கொடூரமாக இல்லை என்று எண்ணிக் கொடூரத்தைக் கூட்டுவது அது. கூட்டிய கொடூரம் அத்தனையும் போய்ச் சேர்வது செத்தவளின் உடலில்தான். உயிரோடு இருந்தவளைப் பற்றி ஒரு வரியும் கூடுவதில்லை.

இரண்டாம் முறை

அட்வுட் இந்த வழக்கை முதலில் அறிந்தது மூடியின் நூல் வழியாகத்தான். அதை நம்பி, 1974இல் கனடிய ஒலிபரப்பு நிறுவனத்துக்காக ‘தி சர்வன்ட் கேர்ள்’ என்ற தொலைக்காட்சி நாடகத்தை எழுதினார். பிறகு பத்திரிகைகளையும் சிறைப் பதிவுகளையும் வாக்குமூலங்களையும் தேடிப் படித்தபோது மூடி சொன்னவற்றில் பெரும்பகுதி நிற்கவில்லை என்று கண்டுகொண்டார். இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து நாவலை எழுதியபோது, அதன் இறுதியில் சேர்த்த குறிப்பில் தாம் கடைப்பிடித்த விதியையும் வெளிப்படையாகச் சொன்னார்: உறுதியாகத் தெரிந்த செய்தியை மாற்றவில்லை, பதிவுகள் முரண்பட்ட இடத்தில் நடந்திருக்க அதிக வாய்ப்புள்ளதை ஏற்றார், பதிவே இல்லாத இடத்தில் கற்பனை செய்துகொண்டார். ஒரு எழுத்தாளர் தம் பழைய படைப்பின் ஆதாரம் தவறு என்று அறிந்து, அதே பொருளைத் திரும்ப எடுத்து முதலிலிருந்து எழுதுவது அரிது. அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

நாவலின் நிகழ்காலம் 1859. கிரேஸ் சிறையில் பதினாறு ஆண்டுகள் கழித்துவிட்டார். அவருக்கு மன்னிப்புக் கோரும் குழு ஒன்று சைமன் ஜோர்டன் என்ற இளம் மருத்துவரை வரவழைக்கிறது. இவர் அட்வுட்டின் கற்பனைப் பாத்திரம். கிரேஸின் நினைவு அடைபட்டுக் கிடக்கிறது, சரியான பொருளைக் காட்டினால் அது திறந்துகொள்ளும் என்று அவர் நம்புகிறார். அதற்காக ஒவ்வொரு நாளும் ஒரு பொருளைக் கொண்டுவந்து கிரேஸின் முன் வைக்கிறார். முதலில் ஓர் ஆப்பிள். அடுத்தடுத்து மண்ணுக்கடியில் விளையும் கிழங்கு வகைகள். கிழங்கைப் பார்த்தால் அதைச் சேர்த்து வைக்கும் நிலவறை நினைவுக்கு வரும், நிலவறை வந்தால் சடலம் வரும் என்பது அவர் போட்ட கணக்கு. கிரேஸோ ஒரு சமையற்காரி எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்து, அதை எப்படிச் சமைப்பது என்று பதில் சொல்கிறாள். படித்த ஆணின் கோட்பாடும் உழைக்கும் பெண்ணின் நடைமுறை அறிவும் ஒரே மேசையின் இரு பக்கம் உட்கார்ந்திருக்கும் இந்தக் காட்சிகள்தாம் நாவலின் உயிர். கிரேஸ் உண்மையிலேயே ஒன்றும் நினைவில்லாதவளா, அல்லது எல்லாம் தெரிந்தும் மருத்துவரை அலையவிடுகிறாளா என்பது கடைசிவரை நமக்குத் தெரிவதில்லை. தெரியாதபடி எழுதியதுதான் ஆவணங்களுக்கு அட்வுட் காட்டிய விசுவாசம்.

கற்பனை எந்த அளவு துணியலாம் என்பதற்கு மேரி விட்னி நல்ல எடுத்துக்காட்டு. 1843இல் வெளிவந்த விசாரணைச் சிறு நூலில் கிரேஸின் உருவப்படத்துக்குக் கீழே ‘மேரி விட்னி என்ற மாற்றுப் பெயர் கொண்ட கிரேஸ் மார்க்ஸ்’ என்ற குறிப்பு உண்டு. தப்பியோடியபோது கிரேஸ் வைத்துக்கொண்ட பெயர் அது. அவ்வளவுதான் பதிவு. அந்தப் பெயரிலிருந்து அட்வுட் ஒரு முழு மனுஷியை உருவாக்குகிறார்: கிரேஸோடு முன்பு ஒரு வீட்டில் வேலை பார்த்த, வாய்த்துடுக்கும் அன்பும் நிறைந்த தோழி. அந்த வீட்டு மகனால் ஏமாற்றப்பட்டு, கருவைக் கலைக்கப்போய், இரத்தப்போக்கில் இறந்துபோகிறாள். ‘அலையஸ்’ என்றால் மாற்றுப் பெயர்; நாவலின் தலைப்பே இந்த மாற்றுப் பெயரிலிருந்துதான் வந்தது. இது வெறும் அலங்காரம் அன்று. முதலாளி வீட்டு ஆணால் கருவுற்றுச் செத்த இந்த வேலைக்காரி, அதே நிலையில் செத்த நான்சிக்கு அக்காள் முறை. பதிவில் இருந்த ஒற்றைப் பெயரை நூலாகப் பிடித்துக்கொண்டு, நான்சியைப் பற்றிப் பதிவு சொல்லாததை மேரியின் வழியாக நாவல் சொல்லிவிடுகிறது.

எனக்கு முழுச் சம்மதம் இல்லாத இடமும் உண்டு. நாவலின் பிற்பகுதியில் ஒரு மனோவசியக் காட்சி வருகிறது. கிரேஸை மயக்கத்தில் ஆழ்த்தியதும் அவள் வாயிலிருந்து மேரி விட்னியின் குரல் எழுந்து, கொலையில் பங்கு தனக்குத்தான் என்று சொல்கிறது. காலத்துக்குப் பொருந்தாத காட்சி என்று இதைத் தள்ள முடியாது. மனோவசியம் பற்றி ஜேம்ஸ் பிரெய்ட் எழுதிய முன்னோடி நூல் இதே 1843இல்தான் வெளிவந்தது. நியூயார்க் மாநிலத்தின் ஹைட்ஸ்வில் ஊரில் ஃபாக்ஸ் சகோதரிகள் 1848இல் ஆவிகளோடு பேசுவதாகச் சொன்னதிலிருந்து அந்த வட்டாரம் முழுவதும் ஆவிக் கூட்டங்கள் பரவியிருந்தன. மனோவசியம் செய்கிறவர் உண்மையில் கிரேஸுக்குப் பழக்கமான ஓர் ஊர்சுற்றி வியாபாரி என்பதால், அது நாடகமாகவும் இருக்கலாம் என்று அட்வுட் வழி வைத்திருக்கிறார். ஆனாலும் இரட்டை ஆளுமை என்ற விளக்கம் தலைகாட்டிய உடனே வாசகரின் கவனம் முழுவதும் கிரேஸின் மனத்துக்குள் போய்விடுகிறது. நிலவறையில் கிடப்பவள் மறைந்துபோகிறாள். வழக்கு நடந்தபோது நேர்ந்த அதே விலகல் இங்கே மறுபடியும் நேர்வதாகவே எனக்குப் படுகிறது. 2017இல் இந்த நாவல் ஆறு பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடராக வந்தபோது இந்தக் காட்சிதான் அதிகம் பேசப்பட்டது.

ரோஜா மொட்டுப் போட்ட உடை

இந்தக் குறையை நாவலே வேறோர் இடத்தில் ஈடுசெய்கிறது. அதைக் கவனிக்க உடைகளைப் பின்தொடர வேண்டும்.

நாவல் சிறை முற்றத்தில் தொடங்குகிறது. சரளைக் கற்களுக்கு நடுவே சிவப்பு மலர்கள் முளைத்து விரிவதாகக் கிரேஸ் காண்கிறாள். அவை பியோனி மலர்கள். அவற்றைக் கண்டதும் கின்னியர் வீட்டுக்குத் தான் போய்ச் சேர்ந்த முதல் நாள் நினைவுக்கு வருகிறது; முன்தோட்டத்தில் அதே மலர்கள், வெள்ளை நிறத்தில். நான்சி அவற்றை வெட்டிக்கொண்டிருக்கிறாள். வெளிர் நிறத்தில் இளஞ்சிவப்பு ரோஜா மொட்டுகள் போட்ட உடை, மூன்றடுக்குச் சுருக்கம் வைத்த பாவாடை, முகத்தை மறைக்கும் வைக்கோல் தொப்பி. முகம் தெரியவில்லை என்பதை அட்வுட் வேண்டுமென்றே எழுதுகிறார். முகம் பதிவில் இல்லை. உடை இருக்கிறது. கைதானபோது கிரேஸிடம் இருந்த பொருட்களில் நான்சியின் உடைகளும் சேர்ந்திருந்தன என்பது வழக்கின் செய்தி; அந்த உடைகள் கிரேஸுக்கு எதிரான பேச்சுக்கு வலுச் சேர்த்தன. செத்தவளின் துணியை உடுத்திக்கொண்டு ஓடியவளுக்கு எங்கிருந்து இரக்கம் என்றுதான் அன்று கேட்டார்கள்.

நாவல் முழுவதும் ஒட்டுத்துணிப் போர்வைகள் வருகின்றன. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு போர்வை வடிவத்தின் பெயரே தலைப்பு. கிரேஸ் வாழ்நாளெல்லாம் பிறர் வீட்டுக் கட்டில்களுக்குத் தைத்தவள். கடைசியில், விடுதலையான பிறகு, முதல்முறையாகத் தனக்கென்று ஒரு போர்வை தைக்கிறாள். சொர்க்கத்தின் மரம் என்பது அதன் வடிவம். அதில் மூன்று துண்டுகள் மட்டும் மற்றவற்றிலிருந்து வேறானவை. ஒன்று மேரி விட்னியின் வெள்ளை உள்பாவாடையிலிருந்து வெட்டியது. ஒன்று கிரேஸ் சிறையில் அணிந்திருந்த, பழுப்பேறிய இரவு உடையிலிருந்து வெட்டியது. மூன்றாவது, முதல் நாள் நான்சி அணிந்திருந்த அந்த உடையிலிருந்து. நீதிமன்றத்தில் களவுக்கும் கல்நெஞ்சுக்கும் அடையாளமாக இருந்த துணி, இங்கே மூன்று பெண்களையும் ஒரே போர்வையில் சேர்த்துவைக்கும் துணியாகிறது. கிரேஸ் கொன்றாளா இல்லையா என்பதற்கு இது விடை ஆகாது. கொன்றவளாக இருந்தாலும் இப்படித் தைக்கக்கூடும். ஆனால் நான்சி என்ற பெண் இருந்தாள், மலர் வெட்டினாள், ஒரு நல்ல உடை அவளிடம் இருந்தது, அது அவளுக்குப் பிடித்திருந்தது என்று அழுத்தமாகச் சொல்லும் இடம் இந்த நூற்றைம்பது ஆண்டு எழுத்தில் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

உண்மையான கிரேஸ் மார்க்ஸ் 1853இல் மனநல விடுதியிலிருந்து சிறைக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். கிட்டத்தட்ட 29 ஆண்டுகள் தண்டனையில் கழிந்தபின், 1872இல் அவருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. சிறை மேலாளரும் அவருடைய மகளும் துணைக்குப் போக, அவர் நியூயார்க் மாநிலத்தில் தமக்கென ஏற்பாடு செய்யப்பட்டிருந்த வீட்டுக்குச் சென்றார். அதற்குமேல் அவரைப் பற்றிய நம்பகமான தடயம் இல்லை.

கின்னியரும் நான்சியும் ரிச்மண்ட் ஹில் பிரஸ்பிட்டேரியன் தேவாலயக் கல்லறையில் புதைக்கப்பட்டார்கள். நினைவுக்கல் எதுவும் நடப்படவில்லை. மரக் கம்புகளால் வேலி மட்டும் இருந்தது. நான்சியின் குழிமேல் யாரோ ஒரு ரோஜாச் செடி வைத்திருந்தார்கள். 1908இல் அந்த வட்டாரத்தவர் ஒருவர் தம் நினைவுகளை எழுதியபோது கல்லறைத் தோட்டத்தின் மரவேலிகள் எல்லாம் அகற்றப்பட்டிருந்தன. ரோஜாச் செடியும் போய்விட்டது என்று குறித்திருக்கிறார்.